வெயிலில் பார்த்த முகம்

“கருவாடு காயப்போடுற புள்ள, எனக்கு முகத்தப் பத்திப் படிச்சுத்தர வந்திரிக்கா.”

மாமி இதைச் சொன்னபோது பார்லரில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். முகம் நிறையப் பச்சைப் பூச்சோடு சாய்ந்திருந்த ஒருத்தி, பூச்சு வெடித்துவிடும் என்று பயந்து மூக்கால் சிரித்தாள். நான் அப்போது தரம் ஏழில் படித்துக்கொண்டிருந்தேன். கையில் வாப்பா சவரம் செய்யும் வட்டக் கண்ணாடி இருந்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறந்துவிடக் கூடாது என்று பத்திரமாகவே வைத்திருக்கிறேன்.

என் வகுப்புத் தோழிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி என் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தாள்: “நமக்கெல்லாம் முப்பதாகப் போகுது. உனக்கு மட்டும் ஏன்டி முகம் இன்னம் ஸ்கூல் புள்ள மாதிரி இரிக்கி? என்ன பூசுறாய்?” அதற்குக் கீழே நீங்கள் ஆளுக்கொன்று எழுதினீர்கள். கட்டாரிலிருந்து வரும் கிரீம் என்றீர்கள். கொரியாச் சாமான் என்றீர்கள். ஒருத்தி ஊசி என்றே முடிவு கட்டிவிட்டாள். நான் பதில் போடவில்லை. ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. அதற்குள் எனக்கு மூத்தவள், என் ராத்தாவின் முகம் இருக்கிறது, நின்றுபோன ஒரு கல்யாணம் இருக்கிறது, இன்னும் ஆறாத என் கோபமும் இருக்கிறது.

மாமி யாரென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேரை மணப்பெண்ணாகச் சோடித்தது அவர்தான். மற்றப் பாதிப் பேர் தங்கைமாரை அவரிடம் கூட்டிப் போனவர்கள். எனக்கு அவர் வாப்பாவின் மூத்த சகோதரி. ஆகவே மரியாதை குறையாமல் எழுதுகிறேன். கோபப்படுவதற்கு மரியாதை ஒரு தடை இல்லை.

எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. வாப்பா கரைவலை இழுத்தார். விற்றது போக மிஞ்சும் சாளையையும் நெத்தலியையும் உம்மாவும் ராத்தாவும் நானும் கருவாடாக்குவோம். சாளையைப் பிளந்து, கழுவி, உப்பில் ஊறவைத்து, கம்பு நட்டுக் கட்டிய பழைய வலையின் மேல் பரப்ப வேண்டும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகப் புரட்டவும் வேண்டும். புரட்டாமல் விட்டால் அடிப்பக்கம் நாறிவிடும். அதனால் உச்சிவெயிலில்தான் வேலை அதிகம். வாப்பா பள்ளிக்கூடத்தை இரண்டாம் வகுப்போடு விட்டவர். உம்மா அந்தப் பக்கமே போகாதவர். ராத்தா எட்டாம் வகுப்போடு வலைக்கம்படிக்கு வந்துவிட்டாள். நான் மட்டும்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வெள்ளைச் சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு மீன் புரட்டினேன்.

ராத்தாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. முகமும் கையும் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தன. ஆனால் அந்தக் கறுப்பில் ஒரு பருவோ தழும்போ கிடையாது. இராத்திரியில் அவளோடு ஒரே பாயில் படுக்கும்போது அவள் கன்னத்தில் என் கன்னத்தை வைத்துக்கொண்டு தூங்குவேன். உப்பும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாசம் வரும். வழுவழுவென்று, குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் கன்னத்தை அதற்குப் பிறகு நான் பல வருடங்களுக்குத் தொடவில்லை. தொட்டால் அவளுக்கு எரியும்.

மாரி மழை ஓய்ந்த கையோடு கல்முனையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா, அவர் பின்னால் நான்கைந்து பெண்கள். வட்டிலப்பத்தைக் கேட்டு வாங்கி இரண்டாம் தரமும் சாப்பிட்டார். பிறகு ராத்தாவின் நாடியைப் பிடித்து ஜன்னல் பக்கமாகத் திருப்பினார்.

“புள்ள நல்லம். வீடும் நல்லம். நிறம்தான் கொஞ்சம் யோசின. கல்யாணத்துக்குள்ள சரியாகிரும், என்ன?”

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். சுனாமியில் கடல் வந்து போன பிறகு எங்களுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டைத்தான் வாப்பா ராத்தாவின் பெயருக்கு எழுத இருந்தார். வீடு எங்களுடையது, அடுப்பு எங்களுடையது, வந்து இருந்து சாப்பிடப் போகிறவர் அவர்கள் மகன். அப்படியிருந்தும் நிறத்துக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

உம்மா வாயைத் திறக்கும் முன் மாமி பதில் சொல்லிவிட்டார்: “அத என்ட பொறுப்புல விடுங்க மதினி. நோன்புப் பெருநாள் கழிச்சு வந்து பாருங்க, உங்கட மருமகள உங்களுக்கே அடையாளம் தெரியா.”

அவர் சொன்னது அப்படியே பலித்தது.

அடுத்த நாளே ராத்தா கருவாட்டு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாள். நடு அறையின் ஜன்னலுக்குத் தடித்த சேலை கட்டப்பட்டது. குளிக்கக் கிணற்றடிக்குப் போவதென்றாலும் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகுதான். தேத்தண்ணி கூடாது, குடித்தால் கறுக்குமாம். கருவாடு கூடாது, இறால் கூடாது, கத்தரிக்காயும் கூடாது. பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கச் சொன்னார். அந்தக் குங்குமப்பூவை மாமியே கொண்டுவந்தார். முக்கியமான சாமான் ஒரு சின்ன வெள்ளைப் போத்தல், அதற்கு ரோஸ் நிற மூடி. மாமி தன் குசினியில் மூன்று டியூப்பைப் பிதுக்கி, கரண்டிக் காம்பால் கலக்கி, அந்தப் போத்தலில் அடைப்பதை நானே கண்டிருக்கிறேன். டியூப்பில் எழுதியிருந்ததை எல்லாம் கத்தியால் சுரண்டியிருந்தார். வாசம் நன்றாகத்தான் இருந்தது. பவுடரும் பழப்புளிப்பும் சேர்ந்த மாதிரி.

“ராவைக்கும் பூசணும், காலையிலயும் பூசணும்,” என்றார். “தண்ணி பட்டாக் கலஞ்சிரும்.”

உம்மா தயங்கினார். “அப்ப வுழு எப்பிடி எடுக்கிற? ஒரு நாளைக்கு அஞ்சு தரம் முகம் கழுவணுமே.”

“விடியச் சுபஹுத் தொழுகைக்கு எடுக்கட்டும். மறுகா பூசிட்டு, விட்ட தொழுகை எல்லாத்தையும் ராவைக்கு இஷாவோட களாச் செய்யட்டும். குமர்ப்புள்ளட கல்யாணக் காரியம். அல்லாஹ் அறிவான்.”

உம்மா உங்களில் பலருக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு நேரத் தொழுகை தவறினால் எங்களுக்குச் சோறு போடாதவர். அவர் இதற்குத் தலையாட்டியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது யோசித்தால் உம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. இரண்டு பெண்பிள்ளைகள், ஒரேயொரு வீடு. ஆனால் விளங்குவது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. நம்முடைய மார்க்கம் ஒரு நாளைக்கு ஐந்து முறை முகத்தில் பச்சைத் தண்ணீரை அடிக்கச் சொல்லியிருக்கிறது. அதைவிட லேசான, செலவில்லாத ஒரு பராமரிப்பு முகத்துக்கு இல்லை. அதை நிறுத்திவிட்டு, எழுத்துச் சுரண்டிய டியூப்பை நம்பினார்கள்.

நான் ஜன்னல் சேலையின் ஓரத்தால் ராத்தாவுக்குத் தேத்தண்ணி கொடுப்பேன். சிரட்டையில் ஊற்றிக் கொண்டுபோவேன், கோப்பை என்றால் சத்தம் கேட்கும். “கறுத்துப் போனா உன்னத்தான் சொல்லுவன்,” என்று சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் குடித்துவிடுவாள்.

கறுக்கவில்லை. ராத்தா வெளுத்தாள். ஒரு மாதத்துக்குள் உரித்த முட்டை மாதிரி ஆகிவிட்டாள். அயல் பெண்கள் அறை வாசலில் வந்து நின்று மாஷா அல்லாஹ் சொன்னார்கள். வாப்பா ஒருநாள் கடலால் வந்து, அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “யாரு இது?” என்று கேட்டார். பகிடிக்குக் கேட்டாரா, உண்மையாகவே தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாமியின் பார்லரில் கூட்டம் கூடியது. எங்கள் ராத்தாவின் முகத்தைக் காட்டியே அந்த ரோஸ் மூடிப் போத்தல் ஊரெல்லாம் போனது.

பிறகு ஒருநாள் ராத்தா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “புள்ள, அடுப்பங்கரைக்குப் போனா முகம் எரியுது. மிளகாய் தடவின மாதிரி.”

“உம்மாக்கிட்டச் சொல்லு.”

“சொல்ல ஏலா. மாமி கோவிப்பா.”

அன்று உம்மா சந்தைக்குப் போயிருந்தார். நான் ராத்தாவை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நல்ல வெயில். வாப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். பின்பக்கம் தகரம் அடித்த பழைய வட்டக் கண்ணாடி, ஓரத்தில் ஒரு வெடிப்பு. அதில் நாங்கள் இருவரும் பார்த்தோம். இருட்டறையில் வெள்ளையாக இருந்த முகம் வெயிலில் வெள்ளையாக இல்லை. கன்னம் இரண்டிலும் சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடியது. மேலுதட்டில் பூனைமயிர் கறுப்பாக முளைத்திருந்தது. தோல் அவ்வளவு மெல்லிசு. வெங்காயத்தின் உள்தோல் மாதிரி, பிடித்து இழுத்தால் வந்துவிடும் போல.

ராத்தா கண்ணாடியைக் கவிழ்த்து என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நேராகப் பார்லருக்கு.

“மாமி, ராத்தாட முகத்தில நரம்பெல்லாம் தெரியுது. வெயில்ல வெச்சுப் பாருங்க.”

அப்போதுதான் மாமி அந்த வார்த்தையைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, மஞ்சள் பல்ப் வரிசை மாட்டிய அவருடைய பெரிய கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்தார்.

“பாரு. இந்த வெளிச்சத்தில உன்ட முகம்கூட வடிவாரிக்கி. பொண்டாட்டிட முகத்த எந்தப் புருஷன் வெயில்ல வெச்சுப் பாக்கான்?”

எல்லாரும் திரும்பவும் சிரித்தார்கள். அந்தக் கண்ணாடியில் நான் உண்மையிலேயே வடிவாகத்தான் தெரிந்தேன். எல்லாரும் வடிவாகத்தான் தெரிந்தார்கள். அதுதான் அந்தக் கண்ணாடியின் வேலை என்று அப்போதே எனக்கு விளங்கியது. வெயில் படாத மூலையில் அதை ஏன் மாட்டியிருக்கிறார் என்றும் விளங்கியது.

நோன்புக்கு முன்னால் மாமி மக்காவுக்கு உம்றாப் பயணம் போனார். ஊரே வழியனுப்பியது. போகிற அவசரத்தில் புதுப் போத்தல் தர மறந்துவிட்டார். இருந்தது முடிந்தது. முடிந்து சில நாட்களில் ராத்தாவின் முகம் பொங்கியது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. கண் இரண்டும் வீங்கி, கன்னம் நெருப்புப் பட்டது போலச் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம் வந்து உடைந்து நீர் வடிந்தது. ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு அவள் முனகுவது முற்றம் வரைக்கும் கேட்கும். உம்மா குர்ஆன் ஓதி ஊதினார். அயலார் வந்து வேப்பிலை அரைத்துப் பூசச் சொன்னார்கள், பூசினோம். இன்னும் எரிந்தது.

மாமி திரும்பி வந்ததும் ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுப்பதற்கு அவர் வீட்டில் பெண்கள் கூடினார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் வந்திருந்தார். அதற்கு முதல் நாள் அவர் கல்யாணச் சேலையைக் காட்ட எங்கள் வீட்டுக்கு வந்து, ராத்தாவைப் பார்த்துவிட்டு, சேலையைப் பையிலிருந்து எடுக்காமலே போயிருந்தார். உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாமி உண்மையைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்துவார் என்று நம்பித்தான் போனார்.

மாப்பிள்ளையின் உம்மா எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: “பூசினது நீங்கதானே. இது என்ன இப்பிடி?”

மாமி பேரீச்சம்பழத் தட்டைக் கீழே வைத்தார். எங்களைப் பார்க்கவில்லை.

“நான் பூசினது எத்தினயோ பேருக்கு. ஒருத்தருக்கும் ஒண்டும் வரல்ல. இது அவட உம்மாட பக்கத்து வியாதி. தலமுற தலமுறயா உப்புத் தண்ணியில கிடந்த ஆக்கள், ரெத்தத்துலயே ஊறியிரிக்கி.” பிறகு விரலை நீட்டி என்னைக் காட்டினார். “வேணுமெண்டாப் பாருங்க. இதுக்கும் வரும்.”

உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டார். வழியில், “உம்மா, அவ பொய் சொல்றா,” என்றேன். “ஹஜ்ஜு மண்ணுக்குப் போய் வந்த வாய் பொய் சொல்லுமா?” என்றார். அதுதான் என்னை உடைத்தது. உம்மா அதை நம்பினார். அதற்குப் பிறகு பல வருடங்களாக, நான் பள்ளிக்கூடம் போகும்போது வாசலில் நிறுத்தி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, வியாதி தொடங்கிவிட்டதா என்று பார்ப்பார். மாப்பிள்ளையின் உம்மா ராத்தாவின் நாடியைப் பிடித்துத் திருப்பிய அதே மாதிரி.

கல்யாணம் நின்றது. அதற்கும் மேலாக, வியாதிக் குடும்பம் என்ற பேர் எங்கள் மேல் நின்றது. நீங்கள்கூட அந்த வருடம் வகுப்பில் என் பக்கத்தில் இருக்காமல் வாங்கை விட்டு எழும்பிப் போனீர்கள். பிள்ளைகள்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் குறித்து வைத்துக்கொண்டேன்.

பெருநாளுக்குப் பிறகு வாப்பா ராத்தாவை ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். கையில் அந்த ரோஸ் மூடிப் போத்தல், காலியாக. ஒரு பெண் டொக்டர். போத்தலை மணந்து பார்த்தார், ராத்தாவின் கன்னத்தைத் தொடாமலே உற்றுப் பார்த்தார்.

“இது எவ்வளவு காலம் பூசினீங்க?”

“கல்யாணம் பேசினதில இருந்து,” என்றார் வாப்பா.

“தோல் வருத்தத்துக்குக் கொஞ்ச நாளைக்கு மட்டும் குடுக்கிற மருந்தை இதில கலந்திருக்கினம் போல. மாசக்கணக்கா முகத்தில போட்டா தோல் மெலிஞ்சு போகும். விட்டதும் இப்படித்தான் பொங்கும்.”

வாப்பா கேட்டார்: “அப்ப குடும்ப வியாதி இல்லயா?”

“ஆர் சொன்னது அப்படி?”

வாப்பா வீட்டு வாசலில் எங்கள் இருவரையும் நிறுத்திச் சொன்னார்: “இத வெளிய கதைக்க வேணாம். அவ என்ட ராத்தா.” அவருக்கும் ஒரு ராத்தா இருந்தார், எனக்கும் ஒரு ராத்தா இருந்தாள். அவர் தன்னுடையவரைக் காப்பாற்றினார். அன்றைக்கே நான் என்னுடையவளுக்காக ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். படிப்பதென்று.

டொக்டர் கொஞ்சம் மருந்தும் ஒரு சாதாரணக் களிம்பும் தந்து, அதைவிடக் கூடுதலாகப் புத்தி சொல்லி அனுப்பினார். புதிதாக ஒன்றும் பூச வேண்டாம், தேய்க்க வேண்டாம், வாசச் சவர்க்காரம் வேண்டாம், உச்சிவெயில் வேண்டாம். இவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு அது பெரிய மாற்றம். வாப்பா கடற்கரையிலிருந்து கம்பு கொண்டுவந்து கருவாட்டு வலைக்குப் பக்கத்தில் ஒரு கிடுகுப் பந்தல் போட்டார். அதைப் போடும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மீனைப் பிளந்து உப்புப் போடும் வேலை சுபஹு தொழுத கையோடு முடியும். பிறகு ஒருவர் மாறி ஒருவர் நிழலிலிருந்து எழும்பிப் போய்ப் புரட்டிவிட்டு வருவோம், தலையில் அகலத் துணியோடு. வெயிலைக் குறைத்ததால் கருவாடு காயாமல் போகவில்லை. நாங்கள்தான் காயாமல் இருந்தோம்.

ஜன்னல் சேலையை நான் அவிழ்த்து எறிந்தேன். ராத்தா திரும்பவும் ஐந்து நேரமும் வுழு எடுத்தாள். முதல் நாள் நடுப்பகல் லுஹருக்குக் கிணற்றுத் தண்ணீரை முகத்தில் விட்டதும், “குளிருது புள்ள,” என்றாள். எரியுது என்று சொல்லாமல் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. சவர்க்காரத்துக்குப் பதிலாக உடம்புக்குப் பயற்றமா. குளித்த ஈரம் காயும் முன் கைகாலுக்குத் தேங்காயெண்ணெய். இஷாவுக்குப் பிறகு தூக்கம். பாப்பாசி, முருங்கையிலை, சின்ன மீன், வெள்ளரிப்பழக் காலத்தில் வெள்ளரிப்பழம். தாகம் எடுக்கும் முன்னமே தண்ணீர். தேத்தண்ணியும் வந்தது, கருவாடும் வந்தது. டொக்டரிடம் நான்தான் கேட்டேன், இரண்டாலும் யாரும் கறுப்பதில்லை என்றார். உம்மா சுட்ட கருவாட்டுக்கு வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு, தேசிக்காய்ப்புளி விட்டுப் பிசைந்து வைத்தார். ராத்தா அதைத் தின்றுகொண்டே அழுதாள். உறைப்புக் கூடிவிட்டது என்று சொன்னாள்.

உடனே மாறியது என்று எண்ணாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. நல்ல நாளும் வந்தது, திரும்பப் பொங்கிய நாளும் வந்தது. நரம்பு நூல்களில் சில இன்றைக்கும் அவள் மூக்கோரத்தில் இருக்கின்றன. ஆனால் கன்னம் தோலாகிவிட்டது. பழைய கறுப்பு, பழைய வழுவழுப்பு.

நான் என்ன செய்தேன் என்றால், அவள் செய்ததை எல்லாம் நானும் செய்தேன். எனக்கு ஒரு வியாதியும் இல்லை. ‘இதுக்கும் வரும்’ என்று நீட்டிய அந்த விரலுக்காகச் செய்தேன். பரீட்சைக்குப் படித்த இரவுகளிலும் நேரத்துக்குப் படுத்து, விடிய எழும்பிப் படித்தேன். கெம்பஸில் மற்றவர்கள் விடுதி அறையில் ஆளுக்கொரு கிரீம் பூசியபோது நான் பச்சைத் தண்ணீரால் முகம் கழுவினேன், நிழல் பார்த்து நடந்தேன், குடை பிடித்தேன். பட்டிக்காடு என்றார்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே இரசாயனம் படித்தேன். தோல் என்றால் என்ன, அந்த மூன்று டியூப்பில் என்ன இருந்திருக்கும் என்று இன்று மாமிக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும். நம் பள்ளிக்கூடத்திலேயே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். நான் பூசுவது ஒன்றுமில்லை. ஒருவரின் வாயைப் பொய்யாக்க வேண்டும் என்று விடாமல் செய்ததுதான் இந்த முகம்.

ராத்தாவுக்குக் கல்யாணம் நடந்தது, கொஞ்சம் பிந்தி. மச்சான் மேசன் வேலை செய்பவர். பக்கத்து வளவுக்கு மதில் கட்ட வந்தவர், அவளை உச்சிவெயிலில் கருவாடு புரட்டும்போதுதான் கண்டார். வீட்டில் வந்து கேட்டபோது வாப்பா, “புள்ளைக்கு முகத்தில ஒரு கத இரிந்திச்சு,” என்று தொடங்கினார். மச்சான் மறித்து, “நான் வெளிச்சத்தில பாத்துட்டுத்தான் கேக்கிறன் மாமா,” என்றார். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது.

மாமியின் பார்லர் இப்போது கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாக இருக்கிறது. போத்தலுக்குப் புது மூடி, பொன் நிறம். உள்ளே அதே கலவைதான். எனக்குத் தெரியும், ஏனென்றால் என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் கன்னத்தில் அந்தச் சிவப்பு நூலை நான் இப்போது காண்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள். தாய்மாரைக் கூப்பிட்டுச் சொன்னால், “டீச்சர், உங்கட குடும்பச் சண்டய எங்கட புள்ளைக்கிட்டக் கொண்டு வராதீங்க,” என்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அது அதன் வழியில் நடக்கட்டும். நான் அதற்காகக் காத்திருக்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாமி என் பக்கத்தில் வந்து இருந்தார். முகத்தில் பவுடர் தடிப்பாக இருந்தது. பவுடர் வெடித்த இடத்தில், கன்னத்தில், அதே நூல். தன் கலவையைத் தானே பூசியிருக்கிறார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

“உனக்கு என்னடி வயசே போகல்ல,” என்றார், என் முகத்தை உற்றுப் பார்த்து. “என்ன பாவிக்கிறாய்? எனக்கிட்ட மட்டும் சொல்லு.”

“கருவாடு, மாமி.”

அவர் சிரிக்கவில்லை. ஞாபகம் இருக்கிறதென்று எனக்கு விளங்கியது. எழும்பிச் சாப்பாட்டுப் பக்கமாகப் போய்விட்டார்.

அடுத்த கிழமையே மாமியின் பார்லருக்கு நேரே, வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த கடை அறையை ராத்தாவின் பெயரில் வாடகைக்கு எடுத்தேன். அவள் காய்ச்சும் தேங்காயெண்ணெய், பயற்றமா, நல்ல அகலக் குடை, இவற்றை விற்பாள். முகத்துக்கு என்ன பூசுவது என்று கேட்டு வருகிறவர்களை நிழலில் இருத்தி, முதலில் எதைப் பூசாமல் விடுவது என்று சொல்லுவாள். பொங்கின முகத்தோடு வருகிறவர்களைத் தோல் கிளினிக்குக்கு நான் கூட்டிப் போவேன். உள்ளே ஒரு கண்ணாடியும் வைக்கவில்லை.

கண்ணாடி வெளியே. வாப்பாவின் சவரக் கண்ணாடி எங்கே போனதென்று தெரியவில்லை. வீடு முழுக்கத் தேடினேன், உம்மாவிடம் கேட்டால், “ஆர் கண்ட,” என்கிறார். ஆகவே புதிதாக வாங்கினேன், ஆள் உயரம், அகலம். தெருப் பக்கச் சுவரில் அதற்கு இடம் குறித்தேன். நடுப்பகலிலிருந்து பொழுது சாயும் வரை அங்கே நேர்வெயில். மாமியின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிற எந்த மணப்பெண்ணும், எந்தத் தாயும், வீதியில் கால் வைத்ததும் தன் முகத்தை வெயிலில் பார்த்தே ஆக வேண்டும்.

நேற்றுப் பின்னேரம், அஸருக்குப் பிறகு மச்சான் வந்து மாட்டினார். பாதி வேலையில் மாமியின் பார்லரில் வேலை செய்யும் பெண் ஓடி வந்தாள். “டீச்சர், வெளிச்சம் எங்கட கடைக்குள்ள அடிக்குதாம். கழட்டச் சொல்றா.” அந்தப் பெண் பேசிக்கொண்டே கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்தாள். பேச்சை விட்டுவிட்டாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். ராத்தா ஒன்றும் கேட்காமல் அவளுக்கு ஒரு கதிரையைப் போட்டு, தேத்தண்ணி ஊற்றினாள்.

எதிர்க்கதவுக்குப் பின்னால் மாமி நிற்பது தெரிந்தது. அவர் வெளியே வரவில்லை. பொழுது சாயவில்லை, இன்னும் வெயில் இருந்தது.

மச்சான் ஏணியில் நின்றபடி என்னைக் கேட்டார்: “ஆணியில மாட்டி விடவா? பிரச்சின வந்தா லேசாக் கழட்டலாம்.”

“இல்ல மச்சான், சிமெந்து வெச்சுப் பூசுங்க,” என்றேன். 

பூசிவிட்டார். இன்று விடிய நான் போய்த் தட்டிப் பார்த்தேன். நன்றாக இறுகியிருந்தது.